‘எதுக்கும்’ என்று சொல்லாமல் விட்டது

பம்பரை எப்படிக் கழற்றுவது, பைப்பை எந்தப் பக்கமாகக் கொண்டு போவது, எந்த கிளாம்பை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம், இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனைத் திறந்தால் யாரோ ஒருவர் செய்து காட்டிக்கொண்டே இருக்கிறார். அதை எழுத நான் வேண்டாம். ஒரு காருக்கு முன்பக்கம் இன்டர்கூலர் மாட்டி முடித்த பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நல்லவிதமாகத்தான் மாட்டினேன். ஒரு கிளாம்ப்கூடக் கழன்றதில்லை, ஓர் இடத்தில்கூடக் காற்று கசிந்ததில்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்கக் கூடாத தப்பு இனிமேல்தான் வரும்.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். தொழிலிலும் அப்படியேதான் இருந்தேன். வண்டியை ஒப்படைக்கும்போது, “எதுக்கும் ஒரு அம்பது கிலோமீட்டர் ஓடினப்பறம் ஆயில் பாத்துக்குங்க”, “எதுக்கும் நாளைக்கு வீல் நட்ட ஒருதடவ காட்டிட்டுப் போங்க” என்று சொல்லாமல் விட மாட்டேன். அதனால் காரைக்காலில் என் பேரே ‘எதுக்கும்’ என்று ஆகிவிட்டது. “எதுக்கும் கிட்ட குடுங்க, வேல சுத்தமா இருக்கும். ஆனா சாவி வாங்கறப்ப அரமணி நேரம் பயமுறுத்துவாரு” என்று எனக்கு முன்னாலேயே சொல்வார்கள்.

ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக் காருக்கு ஆயில் மாற்றிக் கொடுத்தேன். வண்டி போன பிறகு, அடியில் இருக்கும் போல்ட்டை இறுக்கினேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. இறுக்கியது கைக்கு நினைவிருக்கிறது, மனசு நம்ப மாட்டேன் என்கிறது. பஸ் பிடித்துக் கோட்டுச்சேரி போனேன். மண்டப வாசலில் மாலையெல்லாம் கட்டி நின்ற காருக்கு அடியில், பட்டு வேட்டிக்காரர்கள் நடுவே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். போல்ட் இறுகித்தான் இருந்தது. பெண்ணின் தகப்பனார் குனிந்து, “என்னங்க இது, மாப்ள எறங்கற நேரத்துல அடியில என்ன தேடுறீங்க?” என்றார்.

“எதுக்கும் பாத்தேங்க.”

“எதையாவது பாத்துட்டு சாப்டுட்டுப் போங்க” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சாப்பிட்டுவிட்டே வந்தேன். அந்த மாதிரிச் சிரிப்பால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

இனி அந்த வண்டி. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. அது நின்றது, ஊரில் எல்லோரும் மதாம் என்று கூப்பிடும் ஒரு பெரியம்மா வீட்டில். மதாமின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அவர் காலமாகி வெகு வருஷம். மதாமுக்கு எழுபத்திரண்டு வயது. பிரெஞ்சு பென்ஷன், மாதா கோயில், சமையலுக்கு வரும் ஓர் அம்மாள், டிரைவர் கலியமூர்த்தி என்று அவர் வாழ்க்கை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ரத்தக் கொதிப்பும் இருதயத்தில் ஏதோ கோளாறும் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த வண்டி வாங்கப்பட்டதே அதற்காகத்தான்.

மகன் அந்துவான் பிரான்சில் வேலை பார்க்கிறார். அந்த வருஷம் தை மாதம் லீவில் வந்தபோது, பெட்டிக்குள் துணிமணி நடுவே சுற்றி ஓர் இன்டர்கூலர் கொண்டு வந்திருந்தார். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து சூடாக வருவதைக் குளிரவைத்து எஞ்சினுக்கு அனுப்புகிற அலுமினியப் பெட்டி அது. இந்த வண்டியில் கம்பெனி வைத்தது சின்னது, எஞ்சின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் சூட்டில் அதுவும் சேர்ந்து வெந்துபோகும். பெரிதாக ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால், காற்று நேராக அடிக்கும் இடத்தில் மாட்டினால் வண்டி நன்றாக இழுக்கும்.

“வெயில்ல ஏசி போட்டுட்டு ஒரு பஸ்ஸ முந்த முடியலண்ணே. அம்மாவ வெச்சுக்கிட்டு எதுத்தாப்ல லாரி வர்றப்ப உயிரு போயி வருது” என்றார். நியாயமான காரணம். பகட்டுக்காக மட்டும் கேட்டிருந்தால் நான் முடியாது என்றிருப்பேன்.

பட்டறைக்குக் கொண்டு வரச் சொன்னேன். “வீட்லயே போடலாம்ணே, நானும் கத்துக்குவேன்” என்றார். ஒத்துக்கொண்டேன். வீட்டில் போய்ச் செய்யும் வேலையைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்ட் கிடையாது, ஜாக்கியும் ஸ்டாண்டும்தான், அதெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வேறு. பட்டறையில் நாம் மெக்கானிக். அவர்கள் வீட்டில் நாம் விருந்தாளி. பத்து மணிக்குக் காப்பி வரும், ஒரு மணிக்கு இலை போட்டுவிடுவார்கள். மதாம் கையால் கொடுவா மீன் குழம்பு ஊற்றிய பிறகு, அதே வீட்டுப் பிள்ளையிடம் ‘இது முடியாது, இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று குரலை உயர்த்த வாய் வராது. எனக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் அது நடந்தது. பெட்டி உட்காருவதற்காகப் பம்பரின் கீழ்ப்பக்கத்து வலையை அறுத்து எடுத்திருந்தோம். பைப் போவதற்காக அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டிலும் ஒரு பகுதியை வெட்டியாயிற்று. குனிந்து பார்த்தேன். இன்டர்கூலருக்கும் அதன் பின்னால் இருக்கும் ஏசி, ரேடியேட்டர் அடுக்குக்கும் நடுவே மூன்று விரல் சந்து. முன்னாலும் திறப்பு, அடியிலும் திறப்பு. மூன்று விரலையும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“தம்பி, எதுக்கும் இங்க ஒரு வலை அடிச்சுடலாம். அடியிலயும் ஒரு தகடு குடுத்துடலாம். பங்குனி வந்தா ரோட்டுல உளுந்து போடுவாங்க.”

“உளுந்தா? வண்டிக்கும் உளுந்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

அவர் சின்ன வயதிலேயே போய்விட்டவர். சொன்னேன். உளுந்துச் செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், பஸ்ஸும் காரும் ஏறி ஏறிக் காய் உடையும், அப்புறம் கூட்டித் தூற்றி எடுப்பார்கள். நெரவிப் பக்கம், திருநள்ளாற்றுப் பக்கம் ஒரு மாதம் ரோடே தெரியாது. நாமெல்லாம் அதன் மேல்தான் ஓட்டுகிறோம். காயின் தோல் பொட்டும் சருகும் எங்கெல்லாமோ பறக்கும்.

அந்துவான் கிரைண்டரை வைத்துவிட்டுச் சிரித்தார். “வல அடிச்சா காத்து கொறையும்ணே. அப்பறம் இத மாட்டியே பிரயோஜனம் இல்ல. அதோட அலுமினியம் வெளிய தெரியணும், அதுதான் இதுக்கு அழகே.” வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். “அம்மா! இவரு சொல்றதெல்லாம் கேட்டா வண்டிய ஷெட்டுலயே வெச்சு மெழுகுவத்தி ஏத்திக் கும்புடணும்!”

“அவரு சொல்றதக் கேளுடா, ஊருல இருக்கறவரு” என்று மதாம் உள்ளேயிருந்து சொன்னார். “நீங்க வாங்க தம்பி, கைய அலம்புங்க, மீனு ஆறுது.”

கையை அலம்பினேன், சாப்பிட்டேன். சாப்பிட்டு வந்து, வலை இல்லாமல் பம்பரை மாட்டினேன்.

ஓட்டிப் பார்த்தோம். வண்டி பிரமாதமாக இழுத்தது. ஓட்டியது கலியமூர்த்தி. திருவேட்டக்குடிக்காரர். முன்பு கடலுக்குப் போனவர், ஒன்பது வருஷமாக மதாமிடம் டிரைவர். கடலில் எஞ்சின் நின்றால் என்ன கதி என்று தெரிந்தவர் என்பதால் எஞ்சின் சத்தத்துக்கும் சூடு காட்டும் முள்ளுக்கும் எப்போதும் கவனம் கொடுப்பார். கோயில் படியில் மதாமுக்குக் கை கொடுத்து ஏற்றுவதும் அவர்தான். “நல்லா போவுதுண்ணே” என்றார். அந்துவான் மாசி பிறந்ததும் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார்.

பங்குனி வந்தது. ஒருநாள் காலை நான் டீக்கடையில் நம் தொழில்காரர்கள் நாலைந்து பேரோடு நின்றுகொண்டிருந்தேன். கலியமூர்த்தியிடமிருந்து போன். என் போன் சத்தம் பெரிது, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

“அண்ணே, ஹீட்டு முள்ளு எப்பவும் நடுவுலதான் நிக்கும். ரெண்டு நாளா ஒரு கோடு மேல நிக்குது. ஏசி போட்டா இன்னும் கொஞ்சம் ஏறுது. கொண்டாரட்டுமா?”

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்றவன், “பாரு பாரு, வாய் வரைக்கும் வந்துருச்சு! சொல்லுங்க, ‘எதுக்கும்’ சொல்லுங்க!” என்றான். எல்லோரும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள்.

வாயில் வந்திருந்ததும் அந்தச் சொல்தான். ‘எதுக்கும் கொண்டாங்க’ என்று சொல்லியிருந்தால், பம்பரைக் கழற்றி அந்த இடுக்கைச் சுத்தம் செய்ய ஒரு பொழுது ஆகியிருக்கும். அவர்கள் சிரித்திருப்பார்கள், மறந்திருப்பார்கள். ஆனால் ஊரே சிரிக்கிற அந்தச் சொல்லை ஒருநாளாவது சொல்லாமல் இருந்து பார்ப்போமே என்று எனக்கு வீம்பு வந்தது.

“முன்னாடி ஒரு பெட்டி மாட்டிருக்கோம்ல கலியமூர்த்தி, கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க.”

“சரிண்ணே, நீங்களே சொன்னா சரிதான்” என்றார்.

அந்த ‘நீங்களே’யைக் கவனியுங்கள், தம்பிகளா. தைரியசாலி ஒருவன் ‘ஒண்ணும் ஆகாது’ என்றால் கேட்பவன் பாதிதான் நம்புவான். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் சொன்னால் முழுசாக நம்பிவிடுவான். என் பயத்துக்கு அத்தனை மதிப்பு இருந்ததே பிற்பாடு யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்னதில் பொய் இல்லை. பெட்டி மாட்டினால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் ஏறுவதாக இருந்தால் மாட்டிய நாளிலேயே ஏறியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, உளுந்து போட்ட பிறகு, இரண்டு நாளாக ஏறுகிறது என்று ஒருவர் சொல்கிறார். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம்.

அதிலிருந்து எட்டாவதோ ஒன்பதாவதோ நாள். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மதாமின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. ஊர் ஆஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள். பக்கவாதம், மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது, வாய் கோணிய நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். ஆம்புலன்ஸ் இன்னொரு நோயாளியோடு போயிருந்தது. காத்திருப்பதைவிட நம் வண்டியிலேயே போய்விடலாம் என்று கலியமூர்த்தியும் சமையல்கார அம்மாளும் மதாமைப் பின் சீட்டில் படுக்க வைத்துப் புறப்பட்டார்கள். கணக்குப்படி நேரம் இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் மிச்சமே இருந்தது.

திருநள்ளாறு தாண்டியதும் ரோடு முழுக்க உளுந்துச் செடி. வேகமாகத்தான் போனார். முள் ஏறுவதைப் பார்த்தார். நான் சொன்னது மனதில் இருந்தது. பின்னால் மதாமுக்கு வியர்த்துக் கொட்டியதால் ஏசியை நிறுத்தவும் மனம் வரவில்லை. அம்பகரத்தூர் தாண்டி, பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பி, வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் சூட்டில் போய்விட்டது. தண்ணீர் ஊற்றி ஆறவைத்து ஓட்டுகிற நிலையில் அது இல்லை.

நடு வெயில். கையைக் காட்டியும் பல வண்டிகள் நிற்கவில்லை. கடைசியில் திருநள்ளாற்றில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிய ஒரு வெளியூர் வேன் நின்றது. அதில் வந்தவர்களில் பாதிப் பேர் இறங்கி ரோட்டில் நின்றுகொண்டு இடம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. தஞ்சாவூரில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது, இனிமேல் போட்டால் ஆபத்து என்றாராம். முன்னதாக வந்திருந்தாலும் எழுந்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாராம். இந்த இரண்டாவது வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க நான் எவ்வளவோ முயன்றேன். அது என்னைத் தாங்கவில்லை.

மதாம் பிழைத்தார். வலது கையும் காலும் பேச்சும் திரும்பவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். கலியமூர்த்திதான் கூட நின்றார். பம்பரைக் கழற்றினேன். அந்த மூன்று விரல் சந்து முழுவதும் உளுந்துப் பொட்டும் காம்பும் சருகும் அடித்துத் திணித்த தலையணை மாதிரி இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்திக் குத்தி இழுத்தேன். ஒரு முறம் வந்தது, அப்புறம் இன்னொரு முறம். ரேடியேட்டருக்குக் காற்றே போயிருக்க முடியாது. கலியமூர்த்தி அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போது அந்துவான் என் போனில் வீடியோ காலில் வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

“என்னண்ணே ஆச்சு?”

“உளுந்துப் பொட்டு அடைச்சிருக்கு தம்பி.”

“முள்ளு காட்டியிருக்குமா?”

“காட்டியிருக்கும்.”

“அவன் அதப் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல? உங்ககிட்ட கொண்டாந்திருக்கலாம்ல?”

கலியமூர்த்தி சாக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நிஜத்தைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். அந்த ஒரு மூச்சு நேரத்தில் எனக்கு என் பட்டறை, என் பேர், போலீஸ், கோர்ட்டு என்று எல்லாம் கண்ணில் வந்துபோயின. என்னவோ பயந்த சுபாவம் என்று ஆரம்பத்தில் பெருமையாகச் சொன்னேனே, அது இவ்வளவுதான்.

“கொண்டாந்திருக்கலாம்” என்றேன்.

இதிலும் பொய் இல்லை பாருங்கள். நான் சொன்ன ஒரு வார்த்தையில்கூடப் பொய் இல்லை.

“போன அவன்கிட்ட குடுங்க” என்றார். கொடுத்தேன். ஒன்பது வருஷம் வேலை பார்த்த மனிதரை ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கலியமூர்த்தி, “சரிங்க” என்றார். என்னிடம் போனைத் திருப்பித் தந்தார், சாக்கின் வாயைக் கட்டி ஓரமாக வைத்தார், சாவியை வைத்தார், போனார். ‘நான் கேட்டேன், இவர்தான் ஓட்டச் சொன்னார்’ என்று அவர் சொல்லவே இல்லை.

ஒரு மாதம் நானும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. அதே டீக்கடையில் ஒருநாள் பேச்சு வந்தது. கலியமூர்த்தி மூன்று நான்கு இடத்தில் டிரைவர் வேலை கேட்டிருக்கிறார். “மதாம நடு ரோட்ல விட்டவனத்தானே சொல்ற? முள்ளப் பாக்கத் தெரியாதவன்கிட்ட யாரு வண்டியக் குடுப்பா?” என்று, அன்றைக்கு என்னைக் கேலி செய்த அதே ஆள் சொன்னான். அவனும்தான் அந்தப் போனைக் கேட்டான். அவனுக்கு நினைவே இல்லை. எனக்கும் கலியமூர்த்திக்கும் மட்டும்தான் தெரியும். டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து அந்துவானைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னிக்கே ஏண்ணே சொல்லல?”

“பயம் தம்பி.”

“எல்லாத்துக்கும் பயப்படுவீங்களேண்ணே…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பிறகு, “வலய நான்தான வேணாம்னேன்” என்றார், எனக்குச் சொல்வது மாதிரி இல்லை. அதற்கப்புறம் குரல் கெட்டியானது. “அம்மாகிட்ட நீங்களே போயி சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

போனேன். மதாம் சக்கர நாற்காலியில் இருந்தார். சமையல்கார அம்மாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மதாம் இடது கையை அசைத்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கலியமூர்த்தி போன் செய்தது, நான் சொன்ன பதில், வீடியோவில் மறைத்தது எல்லாம். அவருக்குப் பேச்சுதான் போயிற்று, காதும் அறிவும் அப்படியே இருந்தன. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அதற்கும் அவரால் முடியாதபடி செய்திருந்தேன்.

பிறகு வாயைத் திறந்து, “க… க…” என்றார். இடது கையால் ஸ்டியரிங் பிடிப்பது மாதிரி காட்டினார்.

“கலியமூர்த்திய வரச் சொல்றாங்க” என்றார் அந்த அம்மாள். “நீங்களே போயி அழச்சுக்கிட்டு வாங்க.”

திருவேட்டக்குடிக்குப் போனேன். மீன் இறங்கும் இடத்தில் ஐஸ் உடைத்துப் பெட்டியில் நிரப்பிக்கொண்டிருந்தார். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாங்கண்ணே. அம்மா எப்படி இருக்காங்க?”

சொன்னேன். அந்துவானிடமும் மதாமிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றும், மதாம் அவரைக் கூப்பிடுகிறார் என்றும் சொன்னேன்.

“அம்மாவ வந்து பாக்கறேன். வேலைக்கு வர மாட்டேண்ணே.”

“ஏன் தம்பி? இப்பதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே.”

“பின்னாடி சீட்ட திரும்பிப் பாக்க முடியாதுண்ணே என்னால. அன்னிக்கு அவங்க என்னையே பாத்துக்கிட்டு வந்தாங்க.” ஐஸ் பெட்டியின் மூடியை இழுத்து மூடினார். “நான் கேட்டப்பவே எனக்கு மனசு ஒப்பல. நீங்க சொன்னதால சரின்னுட்டேன்.”

“வீடியோல அவர் கேட்டப்ப நீங்க ஏன் சொல்லல?”

“அம்மா அப்படிக் கெடக்கறப்ப யாரு மேல கைகாட்டறது? நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“மன்னிப்ப வெச்சு நான் என்னண்ணே பண்றது? வேல கேட்டுப் போற எடத்துலெல்லாம் இதையே கேக்கறாங்க. வீடு வீடா நீங்க வந்து சொல்லுவீங்களா? எழுதிக் குடுங்க.”

“என்னன்னு?”

“நடந்தத.”

மீன் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து வந்தார். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி மேல் வைத்து எழுதினேன். பில்லைத் தவிர நான் எழுதிய முதல் எழுத்து அது. வண்டியில் என்ன வேலை செய்தேன், வலை போடாமல் விட்டது, உளுந்துப் பொட்டு அடைத்தது, பழுதுக்கு டிரைவர் காரணம் இல்லை என்பது. என் பெயர், பட்டறை இருக்கும் தெரு, கையெழுத்து. அவர் வாங்கி வாய்விட்டுப் படித்தார். அவர் பத்தாவது வரை படித்தவர்.

“பழுதுக்கு ‘ழ’ போடுங்கண்ணே” என்றார். திருத்தினேன்.

திரும்பவும் ஒருமுறை படித்தார். “எல்லாம் இருக்கு. நான் கேட்டது இல்லியே?”

“டிரைவர் காரணம் இல்லன்னு எழுதியிருக்கேனே.”

“அது நீங்க எனக்குக் குடுக்கறது. நான் கேட்டேன்ல, அது நடந்தது. அத எழுதுங்க. மொதல் வரியா எழுதுங்க.”

இன்னொரு தாள் கிழித்தார். மறுபடி ஆரம்பத்திலிருந்து எழுதினேன். ‘ஹீட் முள் ஏறுவதை டிரைவர் கலியமூர்த்தி முன்னாலேயே என்னிடம் சொல்லி, வண்டியைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். நான்தான் ஓட்டச் சொன்னேன்’ என்று முதல் வரி.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் இதற்கு மேல் இல்லை. வண்டியை ஓட்டுகிறவர் வந்து ‘ஏதோ மாதிரி இருக்கிறது’ என்றால், அவர் சொன்னதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது கை கொஞ்சம் நிற்கும். அந்த நேரத்தில் பதில் மாறினாலும் மாறும்.

கலியமூர்த்தி அந்தத் தாளை மடித்து லைசென்ஸ் கவருக்குள் வைத்துக்கொண்டார். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அதைக் காட்டினார். அதில் என் பெயரும் தெருவும் இருந்தன அல்லவா, ஆறு மாதத்தில் என் பட்டறைக்கு வருகிற வண்டிகள் குறைந்துபோயின. வந்த ஒன்றிரண்டையும் எனக்கே தொடக் கை வரவில்லை. ஸ்பானர்களை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

நாகூரில் ஒருவர் தாளை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கலியமூர்த்தியிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தாராம். கொடுக்கும்போது, “இந்த மெக்கானிக் இப்ப எங்க இருக்காரு?” என்று கேட்டாராம்.

“வீட்டுலதாங்க இருக்காரு” என்று சொன்னதாகக் கலியமூர்த்தி என்னிடம் சொன்னார்.